யூதித்தை எங்கே நிறுத்துவது: ஃப்ளோரன்ஸின் சின்யோரியா சதுக்கம்

ஃப்ளோரன்ஸ் நகரத்தின் சின்யோரியா சதுக்கத்தில் காலை பத்து மணிக்கு நின்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். மடக்கிய குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி ஒருவர் வருவார். காதில் கருவி மாட்டிய முப்பது பேர் பின்னாலேயே வருவார்கள். தாவீது சிலை முன்னால் படம் எடுப்பார்கள். ‘இது நகல், அசல் வேறு இடத்தில் இருக்கிறது’ என்று தெரிந்ததும் பாதிப் பேரின் முகம் சுருங்கும். பத்து நிமிடத்தில் கூட்டம் உஃபீசி அருங்காட்சியக வரிசைக்குப் போய்விடும்.

அந்தத் தாவீதுக்குப் பக்கத்தில், அதே அரண்மனைச் சுவரை ஒட்டி, ஓங்கிய வாளோடு ஒரு பெண் நிற்கிறாள். அவள் காலடியில் ஒருவன் தொய்ந்து கிடக்கிறான். அதுவும் நகல்தான். பெரும்பாலும் யாரும் அங்கே நிற்பதில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சதுக்கத்தைப் புரிந்துகொள்ள அவளிடமிருந்து தொடங்குவதே சரி. இங்கே இருக்கும் சிலைகளில் அவளைப் போல இடம் மாற்றப்பட்ட இன்னொன்று இல்லை. அவளை யார், எப்போது, எங்கே தள்ளி வைத்தார்கள் என்று பார்த்தாலே ஃப்ளோரன்ஸின் அரசியல் கதை பாதி தெரிந்துவிடும்.

அவள் பெயர் யூதித்து. விவிலியக் கதைப்படி, தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஓலோபெர்னின் கூடாரத்துக்குள் போய், அவன் குடிபோதையில் கிடக்கும்போது தலையை வெட்டிக்கொண்டு வந்த விதவை. சிற்பி டொனாடெல்லோ இதை 1450களின் பிற்பகுதியிலிருந்து 1460களின் முற்பகுதிக்குள் வெண்கலத்தில் வார்த்தார். முதலில் நின்ற இடம் சதுக்கம் இல்லை, மெடிச்சி குடும்பத்தின் மாளிகைத் தோட்டம். வட்டிக்கடையும் வணிகமுமாகப் பணம் சேர்த்து, பதவி எதுவும் வெளிப்படையாக எடுத்துக்கொள்ளாமலே நகரத்தைக் கைக்குள் வைத்திருந்த குடும்பம் அது. சிலையின் அடியில் அவர்கள் பொறித்து வைத்த வாசகத்தின் சாரம் இது: சுகபோகத்தால் ராஜ்யங்கள் விழும், நற்குணத்தால் நகரங்கள் எழும், பணிவின் கை கர்வத்தின் கழுத்தை வெட்டுவதைப் பார். தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படி எழுதி வைத்தவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்ல!

சிலை நகர்ந்த கதைக்குப் போகுமுன் அது வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்துவிடலாம்.

சதுக்கம் என்கிறோமே தவிர இது சதுரம் இல்லை. எல் எழுத்து மாதிரி ஒரு மூலை மடங்கிக் கிடக்கும். காரணம், இது வரைபடம் போட்டு அமைத்த இடம் அல்ல, இடித்துக் கிடைத்த இடம். 13ஆம் நூற்றாண்டில் போப்பின் பக்கம் நின்ற கட்சியும் பேரரசரின் பக்கம் நின்ற கட்சியும் ஊரை இரண்டாக்கி வைத்திருந்தன. பேரரசர் கட்சி 1266க்குப் பிறகு தோற்று ஓடியது. அந்தக் கட்சியின் பெரிய தலைக்கட்டான உபெர்தி குடும்பத்தின் வீடுகள் தரைமட்டமாயின. அந்த மண்ணில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்காகவே அதை வெட்டவெளியாக விட்டார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் வில்லானி எழுதி வைத்திருக்கிறார். 1299இல் தொடங்கிய அரசு மாளிகை (இன்று பலாட்சோ வெக்கியோ, அதாவது பழைய அரண்மனை) சதுக்கத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்காமல் ஓரமாகக் கோணிக்கொண்டு நிற்பதற்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான்: சபிக்கப்பட்ட அந்த மண்ணில் அஸ்திவாரம் விழக்கூடாது.

94 மீட்டர் உயரக் கோபுரமும் மாளிகையின் மையத்தில் இல்லை. அங்கே ஏற்கெனவே நின்ற ஒரு தனியார் குடும்பத்தின் கோபுரத்தை உள்ளே விழுங்கி அதன் மேல் கட்டியதால் வலப்பக்கமாகத் தள்ளி எழுந்திருக்கிறது. பழைய கோபுரத்தின் பெயர் ‘வாக்கா’, பசுமாடு என்று பொருள். அதில் தொங்கிய பெரிய மணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மணி அடித்தால் ‘மாடு கத்துகிறது’ என்பார்கள் ஊர்க்காரர்கள்.

மாடு கத்தினால் ஆண்கள் சதுக்கத்துக்கு ஓடி வரவேண்டும். ஆட்சி நடத்தியவர்கள் ஒன்பது பேர். தோல் பைகளில் போட்டு வைத்த பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி எடுப்பார்கள். பதவிக்காலம் இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் மாளிகைக்குள்ளேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். வீட்டுக்குப் போக முடியாது. யாரும் வந்து காதைக் கடிக்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. இந்த ஒன்பது பேர் அவைக்குத்தான் சின்யோரியா என்று பெயர். காகிதத்தில் பார்த்தால் அருமையான குடியரசு. ஆனால் எந்தப் பெயர்கள் பைக்குள் போகின்றன என்பதைக் கட்டுப்படுத்தினால் போதும், குலுக்கல் தானாக நல்லபடியாக நடக்கும். மெடிச்சிகள் செய்தது இதைத்தான்.

நெருக்கடி வந்தால் மணியடித்துக் கூட்டும் கூட்டத்துக்கு ‘பார்லமெந்தோ’ என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சதுக்கத்தின் வாய்கள் ஒவ்வொன்றிலும் ஆயுதம் தாங்கிய ஆட்கள் நிற்பார்கள். மாளிகை வாசலில் நின்று ஒருவர் கேட்பார், கூட்டம் ‘ஆமாம், ஆமாம்’ என்று கத்தும். முழு அதிகாரம் ஒரு சிறு குழுவின் கைக்குப் போய்விடும். 1433இல் மூத்த கோசிமோ மெடிச்சி நாடு கடத்தப்பட்டது இப்படித்தான். அதற்கு முன் அவரை அடைத்து வைத்தது கோபுரத்துக்குள் இருக்கும் சின்ன அறையில். அதற்குக் கிண்டலாக ‘குட்டி விடுதி’ என்று பெயர், இன்றும் ஏறிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே அவர் திரும்பி வந்ததும் இதே மாதிரிக் கூட்டத்தின் தயவில்தான்.

1494 நவம்பரில் பிரெஞ்சுப் படை வாசலுக்கு வந்தது. மெடிச்சி வாரிசு பேரம் பேசத் தெரியாமல் கோட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தார். நகரம் கொதித்தெழுந்து குடும்பத்தையே விரட்டியது. வீட்டுச் சாமான்கள் வெளியே வந்தன. யூதித்தும் வந்தாள்.

1495இல் அவளை அரசு மாளிகை வாசலில் நிறுத்தினார்கள். சிலையைத் தொடவில்லை, வாசகத்தை மட்டும் மாற்றினார்கள்: பொதுநலனுக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் வைத்தது, 1495. அதே வாள், அதே கழுத்து. தோட்டத்தில் இருந்தவரை கர்வத்தை வெட்டியவள், வாசலுக்கு வந்ததும் மெடிச்சியை வெட்டியவள் ஆகிவிட்டாள். சிற்பியே இல்லாமல் ஒரு சிற்பத்தின் அர்த்தம் தலைகீழாக மாறிய சம்பவம் இது.

இந்தக் காலத்தில் நகரத்தை ஆட்டிவைத்தது சவோனரோலா என்ற துறவி. பிரசங்க மேடையிலிருந்தே அரசியல் செய்தவர். அவர் தூண்டுதலில் பல நூறு பேர் உட்காரும் பெருமன்றம் உருவானது. அதற்காக மாளிகைக்குப் பின்னால் மிக வேகமாக ஒரு பெரிய மண்டபம் எழுந்தது. அங்கே ஒரு எச்சரிக்கையும் எழுதி வைத்தார்கள்: பார்லமெந்தோ கூட்ட நினைப்பவன் மக்கள் கையிலிருந்து ஆட்சியைப் பிடுங்க நினைப்பவன் என்று. 1497 பிப்ரவரி 7 அன்று இதே சதுக்கத்தில் கண்ணாடிகள், சீட்டுக்கட்டுகள், வாசனைப் பொருள்கள், அலங்காரத் துணிகள் என்று ‘வீண் ஆடம்பரம்’ எல்லாம் மலைபோல் குவிக்கப்பட்டு எரிந்தன. பதினைந்து மாதம் கழித்து, 1498 மே 23 அன்று, ஏறக்குறைய அதே இடத்தில் சவோனரோலாவையும் இரண்டு துறவிகளையும் தூக்கிலிட்டு எரித்தார்கள். யாரும் எடுத்துவைத்துக் கும்பிடக்கூடாது என்று சாம்பலை ஆர்னோ ஆற்றில் கொட்டினார்கள். நெப்டியூன் நீரூற்றுக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் பதித்த வட்டக் கல் அந்த இடத்தைக் காட்டுகிறது. தரையைப் பார்த்து நடந்தால் மட்டுமே கண்ணில் படும். குடைகள் அதன் மேலேயே நின்று வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும். மே 23 அன்று போனால் அதன் மேல் பூ தூவியிருப்பதைப் பார்க்கலாம்.

துறவி போனாலும் குடியரசு நின்றது. 1501இல் மைக்கேலாஞ்சலோவிடம் ஒரு பழைய பளிங்குப் பாளம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு முன்னால் வேறு சிற்பிகள் கை வைத்துப் பாதியில் விட்ட கல் அது, பேராலயப் பணிமனை முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதிலிருந்து வந்ததுதான் ஐந்து மீட்டருக்கும் உயரமான தாவீது. பேராலயத்தின் உச்சி விளிம்பில் வைக்கத்தான் முதலில் கேட்டிருந்தார்கள். செதுக்கி முடியும் தறுவாயில் அது மேலே போகவேண்டிய பொருள் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் எங்கே வைப்பது?

1504 ஜனவரி 25 அன்று இதற்காகக் கூடிய கூட்டத்தின் குறிப்பு இன்றும் இருக்கிறது. லியோனார்டோ டா வின்சி, போத்திசெல்லி, பெருஜினோ, பிலிப்பினோ லிப்பி, கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சாங்கல்லோ என்று முப்பது பேர் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் பேசியவர் ஓவியரும் இல்லை, சிற்பியும் இல்லை; அரசவையின் கட்டியக்காரர். அவர் யூதித்தைப் பிடித்துக்கொண்டார். அவள் மரணக் குறி, நம் நகரத்தின் சின்னம் சிலுவையும் அல்லியுமாக இருக்க அவள் இங்கே நிற்பது பொருந்தாது, ஒரு பெண் ஆணைக் கொல்வது அழகும் இல்லை, அதைவிட அவளைக் கெட்ட நட்சத்திரத்தில் நட்டுவிட்டோம், அன்றிலிருந்து எல்லாமே சறுக்கல், பீசா நகரம்கூடக் கையை விட்டுப் போய்விட்டது என்றார். சுருக்கமாகச் சொன்னால், ராசியில்லாத சிலை. ஆகவே அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாவீதை வைக்கலாம்.

சாங்கல்லோ சொன்னதுதான் தொழில் தெரிந்தவர் பேச்சு. கல் ஏற்கெனவே வெளியில் கிடந்து நலிந்திருக்கிறது, மழை படாத இடத்தில், எதிரே இருக்கும் லோஜியா மண்டபத்துக்குள் வைப்போம் என்றார். லியோனார்டோவும் அதையே ஆமோதித்தார். செதுக்கியவரையே கேளுங்களேன் என்றும் சிலர் சொன்னார்கள். கடைசியில் கட்டியக்காரர் சொன்ன இடம்தான் நிலைத்தது.

மே 14 அன்று சிலை கிளம்பியது. பணிமனை வாசலுக்கு மேல் சுவரை இடித்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. நின்ற வாக்கிலேயே மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, எண்ணெய் தடவிய உருளைகளின் மேல், நாற்பது பேர் தள்ளினார்கள். நம்மூர்த் தேருக்குக் கட்டை போடுவது போல, பின்னால் வந்த உருளையை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு நகர்த்தினார்கள். முதல் நாள் இரவே யாரோ கல்லெறிந்தார்கள், காவல் போட வேண்டியதாயிற்று. சதுக்கத்துக்கு வந்து சேர நான்கு நாள். இன்று அந்தத் தூரத்தைப் பத்து நிமிடத்தில், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே நடந்துவிடலாம். ஜூன் மாதம் யூதித்தை எடுத்துவிட்டுத் தாவீதை அங்கே நிறுத்தினார்கள்.

கல் நலியும் என்று சாங்கல்லோ சொன்னதை நகரம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 370 ஆண்டு பிடித்தது. 1873இல்தான் தாவீதை அக்காதெமியா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் இப்போது நிற்பது 1910இல் வைத்த நகல். நடுவில் இன்னொரு அடியும் பட்டது. 1527இல் மெடிச்சிகளை மறுபடி விரட்டிய கலவரத்தில் மாளிகை ஜன்னலிலிருந்து எறிந்த பெஞ்சு ஒன்று விழுந்து இடது கை மூன்று துண்டாகியது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்திய இரண்டு பையன்களில் ஒருவன் பெயர் ஜோர்ஜோ வசாரி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். அசலைப் பார்க்கும்போது கையில் ஒட்டுத் தெரிகிறதா என்று தேடுங்கள்.

யூதித்து முதலில் மாளிகையின் உள்முற்றத்துக்கும், 1506இல் லோஜியாவுக்கும் போனாள். லோஜியா என்பது சதுக்கத்தின் தென்புறத்தில் மூன்று பெரிய வளைவுகளோடு திறந்து கிடக்கும் மண்டபம். 1376க்கும் 1382க்கும் இடையில் கட்டியது. ஒன்பது பேர் பதவி ஏற்பதும், தூதர்களை வரவேற்பதும் மழையில் நனையாமல் நடக்கட்டும் என்று கட்டினார்கள். இன்று அதன் பெயர் லோஜியா டேய் லான்சி. ‘லான்சி’ என்பது ஜெர்மானியக் கூலிப்படை ஈட்டிக்காரர்களைக் குறிக்கும். குடிமக்களின் விழா மண்டபம் எப்படிக் கூலிப்படையின் பெயரைச் சுமந்தது என்பதுதான் கதையின் அடுத்த பாதி.

1512இல் மெடிச்சிகள் ஸ்பானியப் படையின் துணையோடு திரும்பினார்கள். சதுக்கத்தில் மணி அடித்து பார்லமெந்தோ கூட்டினார்கள், மண்டபத்தில் எழுதி வைத்த எச்சரிக்கை அப்படியே பலித்தது. பெருமன்ற மண்டபத்தில் சிப்பாய்களைக் குடிவைத்தார்கள். 1527இல் விரட்டப்பட்டு, 1530இல் மறுபடி வந்து, 1537இல் அதே குடும்பத்தின் இன்னொரு கோசிமோ பதினேழு வயதில் ஆட்சிக்கு வந்தார். சின்னப் பையன், நாம் சொன்னதைக் கேட்பான் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். 1540இல் அவர் தன் குடும்ப மாளிகையைக் காலி செய்து, குடியரசின் அரசு மாளிகைக்கே குடிவந்தார். ஒன்பது பேர் சீட்டுக் குலுக்கலில் வந்து தங்கிய கட்டடம் ஒருவரின் வீடானது. அவருடைய ஈட்டிக்காரக் காவலர்களின் பெயர்தான் லோஜியாவுக்கு ஒட்டிக்கொண்டது.

கோசிமோ கெட்டிக்காரர். பழைய சிலைகளை உடைக்கவில்லை. யூதித்தின் அடியில் இருந்த 1495 வாசகத்தைக்கூடச் சுரண்டவில்லை. எதிரே வேறு சிலைகளை நட்டார்.

1545இல் பென்வெனுத்தோ செல்லினியிடம் ஒரு வெண்கலப் பெர்சியஸ் கேட்டார். 1554இல் அது லோஜியாவின் ஒரு வளைவில் நின்றது. கிரேக்கக் கதைப்படி மெதுசா என்ற பாம்புத் தலைக்காரியைப் பார்த்தவர் கல்லாகிவிடுவார். அவள் தலையை வெட்டித் தூக்கிப் பிடித்திருக்கிறான் பெர்சியஸ். லோஜியா படியில் நின்று அந்தத் தலை பார்க்கும் திசையைக் கவனியுங்கள். எதிரே மாளிகை வாசலில் தாவீதும், பக்கத்தில் பாந்தினெல்லி செதுக்கிய ஹெர்குலிஸும். இரண்டும் பளிங்கு. மெதுசா பார்த்ததால் கல்லாகி நிற்பது போல இருக்கிறது! இது கலை நகைச்சுவையா, அரசியல் மிரட்டலா என்று கேட்டால், இரண்டும்தான். இன்னொன்றும் உண்டு. பெண் ஆணைக் கொல்வது அழகில்லை என்று கட்டியக்காரர் புலம்பி ஐம்பது ஆண்டு கழித்து, அதே லோஜியாவில் நிற்கும் யூதித்துக்கு எதிர்வரிசையாக, ஓர் ஆண் பெண்ணின் தலையைத் தூக்கிப் பிடிக்கிறான்.

பெர்சியஸைச் சுற்றிப் பின்பக்கம் போக முடிந்தால் போங்கள். தலைக்கவசத்தின் பின்புறம், இறகுகளுக்கும் முடிக்கும் நடுவே, தாடி வைத்த ஒரு முகம் மறைந்திருக்கிறது. செல்லினி தன் முகத்தையே ஒளித்து வைத்ததாகச் சொல்வார்கள். வார்ப்பு நடந்த இரவைப் பற்றி அவர் எழுதி வைத்த கதை இன்னும் பிரமாதம்: காய்ச்சலில் படுத்துவிட்டாராம், உலோகம் கட்டிதட்டிப் போனதாம், எழுந்து வந்து வீட்டிலிருந்த ஈயப் பாத்திரங்கள் இருநூறையும் உலைக்குள் வீசினாராம். அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது, ஆனால் சிலை எதிரே நிற்கிறதே.

அவர் வாய்க்கு அதிகம் அகப்பட்டவர் பாந்தினெல்லி. ஹெர்குலிஸின் தசைகளைப் பார்த்து ‘முலாம்பழ மூட்டை’ என்றார் செல்லினி. சொல்லப்போனால் அந்தப் பளிங்கு தாவீதுக்கு ஜோடியாக மைக்கேலாஞ்சலோ செய்ய வேண்டியது. மெடிச்சிகள் பாந்தினெல்லிக்குக் கொடுத்தார்கள். குடியரசு மீண்டபோது மைக்கேலாஞ்சலோவிடம் போனது. மெடிச்சிகள் திரும்பியதும் மறுபடி பாந்தினெல்லி. கல்லைப் படகில் கொண்டு வரும்போது ஆர்னோவில் விழுந்தது. மைக்கேலாஞ்சலோ கைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் கல்லே ஆற்றில் குதித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. 1534இல் சிலை திறந்தபோது கிண்டல் கவிதை ஒட்டியவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள்.

நெப்டியூன் நீரூற்றைச் செய்த சிற்பி அம்மனாத்திக்கும் வசவு தப்பவில்லை. ‘அம்மனாத்தி, அம்மனாத்தி, எவ்வளவு அழகான கல்லைக் கெடுத்துவிட்டாய்’ என்று எதுகையோடு பாடினார்கள். அந்த வெள்ளைப் பூதத்தை இன்றும் ‘பெரிய வெள்ளையன்’ என்றுதான் ஊர் அழைக்கிறது. கடலரசன் முகத்தில் கோசிமோவின் சாயல் இருக்கிறது. வடக்கே குதிரை மேல் வெண்கலத்தில் இருப்பவரும் அவர்தான், 1594இல் மகன் வைத்தது.

யூதித்துக்கு மறுபடி இடம் போனது 1583இல். ஜாம்போலோன்யா ஒரே பளிங்குப் பாளத்தில் மூன்று உடல்களை ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கி எழுப்பியிருந்தார்: குனிந்த கிழவன், நடுவில் இளைஞன், அவன் தூக்கிய பெண். எந்தப் பக்கம் நின்றாலும் சிலை முழுதாகப் பிடிபடாது, சுற்றி வந்தே ஆகவேண்டும். அவர் செதுக்கும்போது அதற்குக் கதையே இல்லை. திறமையைக் காட்டச் செய்தது. வைக்கும்போதுதான் யாரோ சொல்லி, பழைய ரோமானியக் கதை ஒன்றை வைத்து, ‘சபீனப் பெண்ணைத் தூக்கிச் செல்லுதல்’ என்று பெயர் வந்தது. அதற்காக யூதித்தைப் பக்கவாட்டு வளைவுக்குத் தள்ளினார்கள். வாளெடுத்த பெண் ஓரத்துக்குப் போக, தூக்கிச் செல்லப்படும் பெண் முன்னால் வந்தாள். 1919இல்தான் யூதித்து மாளிகை வாசலுக்குத் திரும்பினாள். 1980களில் சீரமைப்புக்காக உள்ளே போனவள் உள்ளேயே தங்கிவிட்டாள்.

சரி, இனி உள்ளே போவோம். இந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள அருங்காட்சியகங்களில் உஃபீசிக்குத்தான் கூட்டம், ஆனால் முதலில் போகவேண்டியது பலாட்சோ வெக்கியோ. இது இன்றும் நகராட்சி அலுவலகம். ஒரு பக்கம் பயணிகள் டிக்கெட் வாங்க, இன்னொரு பக்கம் ஊர்க்காரர்கள் காகிதக் கட்டோடு படி ஏறுவார்கள். சவோனரோலா காலத்து மண்டபம் 54 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். குடியரசு இதன் சுவர்களுக்கு லியோனார்டோவிடம் ஒரு போர்க்காட்சியும் மைக்கேலாஞ்சலோவிடம் இன்னொன்றும் கேட்டது. இரண்டுமே முடியவில்லை. லியோனார்டோவின் வண்ணம் சுவரில் நிற்காமல் வழிந்தது, மைக்கேலாஞ்சலோ மாதிரிப் படம் வரைந்ததோடு நிறுத்திவிட்டு ரோமுக்குப் போனார். 1560களில் கோசிமோவுக்காக இந்த மண்டபத்தை மாற்றியவர் வசாரி, தாவீதின் கைத் துண்டுகளைப் பொறுக்கிய அதே பையன். கூரையைப் பல மீட்டர் உயர்த்தி, சுவர் முழுக்கக் கோசிமோவின் வெற்றிகளை வரைந்தார். கூரையின் நடுவில் கோசிமோ தெய்வம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். குடிமக்கள் பேசக் கட்டிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் ஒரே ஆள்!

வசாரி வரைந்த ஒரு போர்க்காட்சியில் மிக உயரத்தில், பச்சைக் கொடி ஒன்றில் ‘தேடு, கிடைக்கும்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பின்னால் லியோனார்டோவின் ஓவியம் ஒளிந்திருக்கிறது என்று நம்பிச் சுவரில் துளை போட்டுப் பார்த்தார்கள். சர்ச்சை கிளம்பி 2012இல் நின்றது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

மாடியில் அல்லிகளின் கூடம். நீலச் சுவரில் தங்க அல்லி. அங்கேதான் அசல் யூதித்து. வாசலில் நகலை அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு இங்கே அவள் கிட்டத்தில் இருக்கிறாள். நெற்றியில் விழும் முக்காட்டைப் பாருங்கள், நெசவு தெரியும். டொனாடெல்லோ நிஜத் துணியையே மெழுகு வேலையில் சேர்த்து வார்த்ததால் நூலின் அச்சு வெண்கலத்தில் நின்றுவிட்டது. ஓலோபெர்ன் உட்கார்ந்திருக்கும் மெத்தையின் மூலைகளில் துளைகள் உண்டு, தோட்டத்தில் நீரூற்றாக இருந்த காலத்துத் தடயம் என்பார்கள். அவன் கழுத்தில் ஒரு வெட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது, தலை கோணிக் கிடக்கிறது. ஓங்கிய கை இரண்டாவது வெட்டுக்கு. முகத்தில் கோபமே இல்லை.

உஃபீசியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், போத்திசெல்லியின் வீனஸை நான் வேறு அறிமுகப்படுத்த வேண்டாம். பெயரை மட்டும் சொல்கிறேன். ‘உஃபீசி’ என்றால் அலுவலகங்கள். நம் ‘ஆபீஸ்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. நகரமெங்கும் தனித்தனியாக, கொஞ்சம் சுயமரியாதையோடு இயங்கிய நிர்வாக அமைப்புகளைத் தன் கண் படும் இடத்தில் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரக் கோசிமோ 1560இல் கட்டத் தொடங்கிய ஆபீஸ் கட்டடம் அது. கட்டியவர் மறுபடி வசாரி. மாடியில் மட்டும் மகன் 1580களில் சிலைகளையும் ஓவியங்களையும் வைக்கத் தொடங்கினார். நீண்ட தாழ்வாரத்தில் நடக்கும்போது அறைகள் வரிசையாக ஒரே பக்கமாகத் திறப்பது அதனால்தான். இந்தச் சேகரிப்பு சிதறாமல் இருப்பதற்கு மெடிச்சியின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயீசா காரணம். 1737இல் புதிய ஆட்சியாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், எதுவும் நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி வாங்கினார். காரணமும் எழுதினார்: அரசுக்கு அலங்காரம், மக்களுக்குப் பயன், வெளிநாட்டாரை இழுக்கும் ஆர்வம். சுற்றுலாத் துறை என்று ஒன்று பிறக்கும் முன்னாலேயே! திங்கட்கிழமை உஃபீசி மூடியிருக்கும், அன்று பலாட்சோ வெக்கியோவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வியாழன் மதியத்துக்கு மேல் பலாட்சோ வெக்கியோ வழக்கமாக மூடிவிடும்.

அப்புறம் பார்ஜெல்லோ. சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடை, கூட்டமும் குறைவு. 1255இல் தொடங்கிய கட்டடம், பின்னால் காவல் தலைவரின் இருப்பிடமும் சிறையும் ஆனது. மரண தண்டனைகள் முற்றத்தில் நடந்தன. 1786இல் ஃப்ளோரன்ஸ் அடங்கிய டஸ்கனி அரசு மரண தண்டனையை ஒழித்தபோது சித்திரவதைக் கருவிகளை அந்த முற்றத்திலேயே எரித்தார்கள். இன்று அதே முற்றத்தின் படியேறினால் சிற்பக் கூடங்கள். செல்லினியின் பெர்சியஸ் பீடத்தில் இருந்த நான்கு சின்ன வெண்கல உருவங்களின் அசல் இங்கே இருக்கிறது. கோசிமோவின் மனைவி எலியனோரா அவற்றைத் தன் அறைக்குக் கேட்டாராம். செல்லினி அவர் இல்லாத நேரம் பார்த்துப் பீடத்தில் ஈயம் காய்ச்சி ஊற்றிப் பதித்துவிட்டாராம். சீமாட்டிக்குக் கொடுக்காததை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது, சதுக்கத்தில் நிற்பவை நகல்.

மேல்மாடிப் பெருங்கூடத்தில் டொனாடெல்லோவின் இன்னொரு வெண்கலம்: தொப்பியும் காலணியும் தவிர ஒன்றும் உடுத்தாத சின்னப் பையன், கோலியாத்தின் தலை மேல் கால் வைத்து நிற்கும் தாவீது. மெடிச்சி மாளிகையில் இவன் முற்றத்திலும் யூதித்து தோட்டத்திலுமாக இருந்தார்கள். 1495இல் இருவரையும் ஒன்றாகத்தான் தூக்கி வந்தார்கள். அவளை வாசலில் நிறுத்தினார்கள், இவனை மாளிகையின் உள்முற்றத்தில். கட்டியக்காரர் அன்றைய கூட்டத்தில் இவனையும் விடவில்லை. பின்னங்கால் அசட்டுத்தனமாக இருக்கிறது என்று குறை சொன்னார். சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பாருங்கள், கோலியாத்தின் தலைக்கவசத்திலிருந்து நீண்ட இறகு ஒன்று தாவீதின் காலின் உட்புறமாக மேலே ஏறிப் போகிறது.